வழிகாட்டியின் குரல் வந்து சேரும் நேரம்

சுற்றுலா வழிகாட்டியின் குரல் அவர் வாயசைத்து நாற்பது நிமிடம் கழித்தே கேட்கத் தொடங்கியது, அவர் வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டாவது ஆண்டில், கோடைக்கூட்டம் வடிந்த பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று, மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து, அதன் உயரம், படிகளின் எண்ணிக்கை, அதைக் கட்டி முடிப்பதற்குள் மூன்று பொறியாளர்கள் மாறிய கதை எல்லாவற்றையும் வழக்கம்போலச் சொன்னார். வாய் அசைந்தது, கை அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. பயணிகள் முப்பத்தெட்டுப் பேரும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார்கள். அடுத்து சிப்பி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் அவர்கள் குனிந்து நின்றபோது, வாயை மூடிக்கொண்டு நின்றிருந்த வழிகாட்டியின் பக்கமிருந்து கலங்கரை விளக்கத்தின் உயரம் கேட்டது. ஒரு பயணி மட்டும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஆ என்று சொல்லச் சொன்னார். அந்த ஆ பேருந்து நிறுத்தத்தில் வந்தது, பக்கத்தில் நின்ற பெண்மணி நகர்ந்து நின்றுகொண்டார். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை, வெறும் அசதி, ஒரே பேச்சை இருபத்திரண்டு வருடம் பேசினால் குரலுக்கும் கால் ஓய்ந்துபோகும் என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஓய்வெடுக்கவும் சொன்னார். விடுப்புக் கேட்டபோது, அடுத்த பருவத்துக்கு முன்பதிவு முடிந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

நகரத்தார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் கடற்கரைச் சாலையை ஒருவழிப் பாதையாக்கியதுதான் ஊரில் பெரிய பேச்சு. சுற்றுலா நிறுவனத்தின் மேலாளர், எந்நேரமும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஓட்டுநர்கள் ‘முள்’ என்று பெயர் வைத்திருந்தவர், அரை மணி நேரத்தில் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஓர் இடத்தைப் பற்றி அதற்கு முந்தைய இடத்திலேயே சொல்லிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். அப்படியே வழிகாட்டி காலையில் சவரம் செய்துகொண்டே பழைய துறைமுகத்தைப் பற்றிப் பேசினார், துறைமுகத்தில் நின்று கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசினார், பகல் உணவுக்குக் கைகழுவும்போது மீன் காட்சியகத்தைப் பற்றிப் பேசினார். ஒன்றிரண்டு தவறுகள் நடக்கத்தான் செய்தன. ரயில்வே கேட் மூடி பேருந்து அரை மணி நேரம் நின்ற ஒரு நாள், வெயிலில் வெந்துகொண்டிருந்த பயணிகள், கண்ணாடித்தளப் படகுக்காக அவர் முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்த, காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் பாருங்கள் என்று கேட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஆனால் தாமதம் நாற்பது நிமிடத்தோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் இரண்டு மணி நேரம் ஆனது, அதற்கடுத்த வருடம் ஆறு, நான்காவது வருடத்தில் பதினொன்று. அதற்கு மேல் முன்கூட்டிப் பேச வேண்டுமானால் மனிதர் ராத்திரியெல்லாம் தூங்கக் கூடாது என்று ஆனபோது, மேலாளர் ஒரு பெண்ணின் உற்சாகமான குரலைப் பதிவுசெய்து பேருந்தில் ஒலிபெருக்கி வைத்துவிட்டார். வழிகாட்டியை அனுப்பவில்லை. தலை எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு பயணியைக்கூட எந்த நிறுத்தத்திலும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஆகவே குடையைப் பிடிப்பதும், ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுவதும் மட்டும் அவர் வேலையானது. இனிப் பேசவேண்டியதில்லை என்று சொல்லியும் உதடு கேட்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் அது தன்பாட்டுக்கு அசைந்து, அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பேச்செல்லாம் போய்ச் சேர்ந்தது வீட்டுக்கு. இரவு எட்டு மணிக்கு அவரும் அவர் மனைவியும் சாப்பிட உட்காரும்போது சரியாகப் பழைய துறைமுகம் தொடங்கும். பாத்திரம் கழுவும்போது கலங்கரை விளக்கம், படுக்கை விரிக்கும்போது சிப்பிகள். மதியத்துக்கு மேற்பட்ட இடங்கள் அவள் தூக்கத்தில் வந்து போயின. பிள்ளை இல்லாத வீடு. அவள் பத்தொன்பது வருடம் கடற்கரைச் சாலையின் பெரிய விடுதியில், நிலத்தடியில் இருந்த சலவைப் பிரிவில், படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை பார்த்தவள். ஜன்னல் இல்லாத இடம். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும் எதையும் அவள் பார்த்ததில்லை. போகவர பேருந்தின் கண்ணாடி வழியாகக் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும், அவ்வளவுதான். வேலைக்குப் போன வரை வீட்டில் பேச்சில்லாதது அவளுக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் இயந்திரங்களின் இரைச்சல் காதை விட்டுப் போவதற்கே பத்து மணி ஆகும். விடுதி மடிக்கும் இயந்திரம் வாங்கி அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான், தான் ஓர் ஊமைக் கோட்டானோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. தாமதத்துக்கு முன்பும் அவர் அப்படித்தான் என்பதும் யோசித்துப் பார்த்ததில் நினைவுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வந்து வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார்.

குரலின் ஒழுங்கை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். தேய்ந்த பேச்சு சீக்கிரம் வரும், புழங்காத பேச்சு பிந்தி வரும். சுற்றுலாப் பேச்சு பதினொரு மணி நேரத்தில் வந்துவிடும். வீட்டில் அவர் தினமும் சொல்லும் நாலைந்து வார்த்தைகளுக்கு நாற்பது மணி நேரம் ஆகும். இரவு அவர் உப்புக் கேட்பது நாளை மறுநாள் பகல் உணவு நேரத்தில் வந்து சேரும், உணவகத்தின் பணியாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒருபோதும் சொல்லாத வார்த்தைகளுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இறந்தபோது, அவர் அவள் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார். அது பதினாறு நாள் கழித்து மீன் காட்சியகத்தில் வந்தது. முன்பின் தெரியாத முப்பத்தெட்டுப் பேர் கேட்டார்கள். பேருந்து ஓட்டுநர் அவளைத் தெருவில் பார்த்தபோது, "அண்ணி, அண்ணன் உங்களப் பத்தி என்னமோ சொன்னாருங்க, நல்லா இருந்துச்சு" என்றார். என்ன சொன்னார் என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. அது போனது போனதுதான். அவள் அதை மறக்கவும் இல்லை, அதைப் பற்றி அவரிடம் கேட்கவும் இல்லை.

அவளுடைய அக்கா, உள்நாட்டில் ஒரு சிறிய ஊரில் இருந்தவள், கணவன் இறந்த பிறகு தனியாக இருந்தாள். தூங்கும் நேரம் தவிர வாய் ஓயாதவள். மூன்று அறை இருக்கிறது, நான் ஒருத்தி இருக்கிறேன், வந்துவிடு, மாத முடிவுக்குள் சொல், இல்லாவிட்டால் ஓர் அறையை வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று தொலைபேசியில் சொன்னாள். மனைவி ஒரு வாரம் யோசித்தாள். பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தாள், விரிப்பு மடித்த கை, ஒரு சுருக்கம் இல்லாமல். பிறகு ஓர் இரவு, பழைய துறைமுகம் நடந்துகொண்டிருந்தபோது, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஏங்க, நான் அக்கா வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். போகட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். வாய் அசையத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தின்படி எட்டு நிமிடம் அசைந்தது. திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை, அதன் மேலேயே, முதல் நீராவிக் கப்பல் இங்கு நின்றபோது ஊரே திரண்டு வந்தது என்று அவருடைய காலைக் குரல் முழங்கிக்கொண்டிருந்தது. தலை ஆமாம் என்றும் ஆடவில்லை, இல்லை என்றும் ஆடவில்லை. அவள் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தாள். அவர் நெடுநேரம் யோசித்து, மேலே தேதி போட்டு, பழக்கதோஷத்தில் கீழே முப்பத்தெட்டு என்று எழுதி, அதைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டுப் பென்சிலை வைத்துவிட்டார். "சரி, விடுங்க. சொன்னது எப்ப வருதோ வரட்டும், நான் கேட்டுக்கறேன்" என்றாள் அவள். இந்த முறை அதை வேறு யாரோ முப்பத்தெட்டுப் பேரிடம் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. பகலில் அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே தானும் இருந்தாக வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு நிறுவனத்தின் ஜன்னலில் வரிசையில் நின்று, ஒருநாள் நகர உலாவுக்கு ஒரு சீட்டு வாங்கினாள். பதினேழாம் எண் இருக்கை, இடது பக்கம், ஜன்னல் ஓரம்.

பேருந்து புறப்பட்ட இடம் அவள் வேலை பார்த்த விடுதியின் வாசல். பத்தொன்பது வருடம் பின்புறக் கதவு வழியாகப் போய்வந்தவளுக்கு முன்வாசலில் நான்கு தூண்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வழிகாட்டி படியருகில் நின்று குடையின் நுனியால் ஒவ்வொருவரையும் தொடாமல் தொட்டு எண்ணினார். அவளிடம் வந்தபோது குடை ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த இருக்கைக்குப் போனது. புதுமணத் தம்பதி ஒன்று, ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நால்வர், அழும் குழந்தையோடு ஒரு குடும்பம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கியவுடன் கழிப்பறை எங்கே என்று கேட்கும் ஒரு பெரியவர், மற்றபடி எல்லாப் பேருந்திலும் இருக்கிற மாதிரியான ஆட்கள். ஒலிபெருக்கிப் பெண் வணக்கம் சொன்னாள். அவளுக்கு அசதி என்பதே தெரியாது. பேருந்து சிக்னலில் நின்றாலும் அவள் நிற்காமல் பேசிக்கொண்டு போனதால், மீன் சந்தையைக் கடக்கும்போது பூங்காவைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

பழைய துறைமுகம் சிறியதாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்காகக் கேட்டதில் அவள் மனதில் அது ஒரு நகரம் அளவுக்கு வளர்ந்திருந்தது, நேரில் பார்த்தால் துருப்பிடித்த ஒரு பாரந்தூக்கியும் கயிறு உலர்த்தும் ஒரு சுவரும்தான். அதற்கு மேல் அவள் துறைமுகத்தைப் பார்க்கவும் இல்லை. கணவன் நிற்கும் இடத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, ஒன்றும் வரவில்லை. கலங்கரை விளக்கத்தில் அவர் கீழேதான் நிற்பார் என்பதால் அவளும் ஏறவில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்க ஏறி மூச்சு வாங்க இறங்கும் முக்கால் மணி நேரமும் வெயிலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து குடையை அவளுக்கு மேலே பிடித்தார். அப்போது கூட்டத்துக்குக் குடையின் அடையாளம் இல்லாமல் போனதால், இறங்கி வந்தவர்களில் நான்கு பேர் வேறு பேருந்தில் ஏறி, ஓட்டுநர் போய் இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. சிப்பி அருங்காட்சியகத்தில் நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. செருப்பு வார் கணுக்காலை அறுத்தது. ஊர் சுற்றிப் பார்ப்பது இவ்வளவு பாடு என்று தெரிந்திருந்தால், அவர் வீட்டுக்கு வந்ததும் காலைத் தேய்த்துவிட்டிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்தாறு வருடமாக இந்த மனிதன் இதைத் தினமும் செய்கிறான் என்பது வருத்தமாக இருந்தது, அந்த வருத்தத்தின் மேல் கோபமும் வந்தது.

பகல் உணவுக் கூடத்தில் ஆறு பேருக்கு ஒரு மேசை. வழிகாட்டியும் ஓட்டுநரும் பணியாளர்களுக்கான மூலையில் உட்கார்ந்தார்கள், அவள் ஆசிரியைகளோடு உட்கார்ந்தாள்.

"தனியாவா வந்தீங்க?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார்.

"இல்லங்க, வீட்டுக்காரரும் வந்திருக்கார்."

"எங்க, காணோமே?"

"அதோ, குடை வச்சிட்டு உக்காந்திருக்காரே."

ஆசிரியை திரும்பிப் பார்த்துவிட்டு, "பேசவே மாட்டேங்கறாரே பாவம்" என்றார். அந்த நேரத்தில் மூலையிலிருந்து, முந்தாநாள் இரவின் குரலில், கொஞ்சம் உப்பு என்று கேட்டது. அவள் கை தன்னையறியாமல் மேசையைத் துழாவியது. அதற்குள் பணியாளர் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். தன் வீட்டு வார்த்தை ஒன்று அந்நியர்களுக்கு நடுவில் இவ்வளவு சாதாரணமாகப் புழங்குவதைப் பார்த்து அவள் கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, உப்புக்காற்று பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த ஒலிபெருக்கி, வரவேற்கிறோம் என்ற வார்த்தையின் பாதியில் உயிரை விட்டது. ஓட்டுநர் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். மீன் காட்சியகத்தில் பெரிய தொட்டிகளின் முன்னால் பயணிகள் முணுமுணுத்தார்கள், கழிப்பறைப் பெரியவர் கொடுத்த காசைப் பற்றிப் பேச்செடுத்தார். வழிகாட்டி தொட்டியின் அருகில் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார். பதினேழாம் இருக்கைக்காரி ஒரு தூணில் சாய்ந்திருந்தாள். அப்படியே சாய்ந்தபடி, யாரையும் பார்க்காமல், தட்டையான அந்த மீன் பிறக்கும்போது எல்லா மீனையும் போல இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணோடு பிறக்கிறது, வளர வளர ஒரு கண் நகர்ந்து மற்றக் கண் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிடுகிறது என்று சொல்லத் தொடங்கினாள். அதை எங்கே கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மாதக்கணக்காக நள்ளிரவுக்கு மேல் தூக்கத்துக்குள் வந்து படிந்தது அது. அவர் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டாள், அவர் சிரிப்புக்காக நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள், பயணிகளும் சிரித்தார்கள். வழிகாட்டியின் உதடும் அவள் குரலும் ஒரே இடத்தில் போய்க்கொண்டிருப்பதை ஓட்டுநர் மட்டும் கவனித்தார். தொட்டியின் முடிவுக்கு வந்தபோது வழிகாட்டி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, பேச்சு முடியுமுன்னே வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் அன்று பதில் வரவில்லை. கண்ணாடித்தளப் படகில் வரவில்லை, கடைசி நிறுத்தமான கடற்கரை நடைபாதையிலும் வரவில்லை. வீட்டுக்கு வந்து இருவரும் ஒரே பாத்திரத்து வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்கு அன்றைய துறைமுகம் தொடங்கியது. அவள் மறுநாளும் சீட்டு வாங்கினாள், அதற்கு மறுநாளும் வாங்கினாள். நான்காம் நாள் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒலிபெருக்கியைச் சரிசெய்ய ஆள் வரும் வரை அந்த அம்மாவிடம் காசு வாங்க வேண்டாம் என்று சொன்னார். பிறகு சரிசெய்யும் ஆளை வரச் சொல்லவே இல்லை. பத்தாம் நாள் அவளுக்கு அடையாள அட்டை வந்தது. வேலைக்குக் கசங்காத உடை வேண்டுமென்பதால் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து ஒன்று எடுத்தாள், அடுத்த நாள் இன்னொன்று எடுத்தாள். அக்கா தொலைபேசியில் கேட்டாள்.

"என்னடி முடிவு பண்ணின?"

"அவர் சொன்னது இன்னும் வந்து சேரலக்கா."

"இத்தன வருஷமா வராததா இப்ப வந்துடப்போகுது?"

"எட்டு நிமிஷம் பேசியிருக்கார். எங்க போயிடும், வரும்."

பத்தொன்பதாம் நாள் வந்தது. படகுக்காரர் கடலின் நடுவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார், பயணிகள் எல்லாரும் குனிந்து கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் பாறைகளின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படகின் முனையில் குடையோடு நின்றவரின் பக்கமிருந்து, யாருக்கும் பழக்கமில்லாத, தடவித் தடவி நடப்பது போன்ற ஒரு குரல் கேட்டது. முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியல. போன்னு சொல்லவும் தெம்பில்ல, இருன்னு சொல்லவும் தெம்பில்ல. காலைல இருந்து முப்பத்தெட்டுப் பேர ஏத்தி இறக்கி எண்ணி எண்ணி, வீட்டுக்கு வர்றப்ப வாய் மரத்துப் போயிருக்கு. நீ எதிர்ல உக்காந்திருக்க. உன் முகத்தப் பாத்தா ஏதாவது சொல்லணும்னு இருக்கு. வாயத் தொறந்தா இடது பக்கம் பாருங்கன்னுதான் வருது. உங்கம்மா போனப்ப ஒண்ணு சொன்னேன். அது உனக்கு வந்து சேரலன்னு எனக்குத் தெரியும். திரும்பச் சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு."

இங்கே ஒரு நிமிடம் போல ஒன்றும் இல்லை. அலை படகைத் தட்டும் சத்தம்தான். அழும் குழந்தைகூட அன்று இல்லை.

"நீ போ. அங்க பேச்சுச் சத்தம் இருக்கும். உங்கக்காகிட்ட பேசறப்ப நீ சிரிக்கறதப் பாத்திருக்கேன், அந்தச் சிரிப்பு நம்ம வீட்டுல வந்ததே இல்ல. என்னப் பத்தி ஒண்ணும் நெனைக்காத. சமைக்கத் தெரியும், பாத்திரம் கழுவத் தெரியும். ஞாயித்துக்கிழம எனக்கு வேல இல்ல. பஸ் ஏறி வந்துடறேன். பேசமாட்டேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத் திரும்பி வந்துடறேன். உங்கக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னா."

அதோடு முடிந்தது. பயணிகளில் ஒருவர், இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டப் போனார், பக்கத்திலிருந்த மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, ஓட இடமில்லாமல், குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளாமல் அழுதாள். பத்தொன்பது நாளாக நின்ற காலின் வலி முழுவதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டதற்கு இவ்வளவு சொல்லியிருக்கிறாரே என்றும் இருந்தது, இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் போகச் சொல்கிறாரே என்றும் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு மீன் கூட்டம் போய் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். படகு ஆடியது.

"இது பத்தொன்பது நாளைக்கு முந்தி சொன்னது. அப்ப கேட்டது அப்ப. இப்பவும் கேக்கறேன், சொல்லுங்க. நான் போகட்டுமா?"

அவர் வாய் திறந்தது. ஆனால் அதே நேரத்தில் காற்று குடையைத் திருப்ப, அவரும் அதோடு கடல் பக்கம் திரும்பிவிட்டார். பதில் சுருக்கமானது என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரே வார்த்தைதான். படகுக்காரர் இயந்திரத்தை முடுக்கினார், மூன்றரை மணிக்கு அடுத்த குழு காத்திருக்கும். அவள் பாறைகளின் வயதை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள்.

மாத முடிவு வந்து போயிற்று. அக்கா ஓர் அறையை ஒரு தையல்காரிக்கு வாடகைக்கு விட்டாள், அந்தத் தையல்காரியும் நன்றாகப் பேசுவாள் என்று எழுதியிருந்தாள். பெட்டியில் இருந்த துணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, மூன்றாவது வாரத்தில் வெறும் பெட்டிதான் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் முடிவு செய்யவில்லை, முடிவு செய்ய நேரமும் இல்லை, காலை ஏழரைக்கு வேலை. இரவில் துறைமுகம் வருவது நின்றுவிட்டது. அவள் பேசத் தொடங்கிய பிறகு பகலில் அவர் உதடு ஓய்ந்துவிட்டதால், எட்டு மணிக்கு வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் அவர் அவளைப் பார்த்து எதையாவது வாயசைப்பார். இன்று கூட்டம் அதிகம் என்பதாக இருக்கலாம், கால் வலிக்கிறதா என்பதாக இருக்கலாம். வரும்போது வரட்டும் என்று அவளும் தன் பங்குக்குப் பேசினாள். முதலில் பத்து நாள் எடுத்தவை பிறகு ஆறு நாளில் வந்தன, குளிர்காலம் தொடங்கும்போது கால் வலிக்கிறதா என்பது மூன்றாம் நாளே வந்துவிட்டது. படகில் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கிறாளா என்று ஓட்டுநர் ஒருமுறை கேட்டார். பதினேழாம் எண் இருக்கையை நிறுவனம் அவளுக்கென்று ஒதுக்கிவிட்டது, நான் எங்கே போகிறேன் என்று அவள் சொன்னாள்.

நான்கு மாதம் ஆனது. பருவம் முடிந்து கூட்டம் குறைந்த ஒரு நாள், இருபத்திரண்டு பேர்தான், வானம் மூட்டமாக இருந்தது, எல்லாருக்கும் சலிப்பு. மீன் காட்சியகத்தின் வாசலில் பேருந்தை நிறுத்தி, கழிப்பறை இடது பக்கம், பெண்களுக்கு மாடியில், பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்கள் அந்தப் பக்கமாக நகரத் தொடங்கியிருந்தார்கள். பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்த வழிகாட்டியின் பக்கமிருந்து, படகுக் காற்றின் சத்தத்தோடு சேர்ந்து, "போகாத" என்று கேட்டது.

முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் தயங்கித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்கள இல்லங்க, அது எனக்குச் சொன்னது" என்றாள் அவள். "நீங்க போயிட்டு வாங்க, பத்து நிமிஷம்தான்."

அவர்கள் போனார்கள்.